அவர் தாண்டிப் போன பாட்டுகள்

இரண்டாவது அல்பம், பின்பக்கம், மூன்றாவது பாட்டு. அதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எழுதி அனுப்பினேன். ஓர்கன் மட்டுமே வாசிக்கும். டிரம்ஸ் இல்லை. கிற்றார் கடைசி நிமிஷத்தில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். நடுவில் பாட்டுக்காரர் ஒரு தடவை தொண்டையைச் செருமுவார், அதை வெட்டாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். அந்தச் செருமலுக்காகவே அந்த அல்பத்தை வாங்கலாம்.

பாண்டின் பெயரை இங்கே சொல்ல மாட்டேன். அரை நூற்றாண்டாக மேடையேறிக்கொண்டிருக்கிற பிரிட்டிஷ் ரொக் பாண்ட். எல்லோருக்கும் இப்போது மூட்டுவலி வயது. பெயரைச் சொன்ன மறுகணம் நீங்கள் அந்த ஒரு பாட்டை முணுமுணுக்கத் தொடங்கிவிடுவீர்கள். கல்யாண வீட்டு வாத்தியக்காரர்களும் கொழும்பு-காலி வீதி பஸ் டிரைவர்களும் போடுகிற அந்த ஒரே பாட்டு. எனக்குக் கை துருதுருத்துவிடும், ஆளைப் பார்க்க மாட்டேன்.

என்னிடம் இந்தப் பட்டியலைக் கேட்டவர்கள் எங்கள் கொரிடோர்ப் பிள்ளைகள். வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்குகிற ஒரு லேனில், மூன்றாம் மாடியில் எங்கள் ஃப்ளாட். நீளமான ஒரு கொரிடோர், ஆறு கதவுகள். அந்த ஆறு வீட்டுப் பிள்ளைகளும் இப்போது சிட்னி, டொரொன்டோ, லண்டன் என்று சிதறிப்போய் நாற்பதை எட்டுகிறார்கள். போனில் ஒரு குறூப் வைத்து, என்னையும் அதில் சேர்த்து, ‘ரொக் அன்ரி’ என்று பெயர் போட்டிருக்கிறார்கள். ஆகஸ்ட் விடுமுறைக்கு எல்லோரும் ஒன்றாகக் கொழும்புக்கு வருவது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெஹிவளையில் கல்யாண ஹோல் ஒன்றை வாடகைக்கு எடுத்துச் சாப்பிடுவது என்று முடிவாயிற்று. கடைசிக் கதவு வீட்டுப் பையனாக இருந்து, இப்போது சிட்னியில் பல் டொக்டராக இருக்கிறவன் எழுதினான்: “அன்ரி, அந்த பாண்டின்ர ஹிட்டெல்லாம் எங்களுக்குத் தெரியும். ஆக்களுக்குத் தெரியாத நல்ல பாட்டுகளா ஒரு லிஸ்ட் தாங்கோ. சாப்பிடேக்க போடுவம்.”

சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. அறுபத்திரண்டு வயதுவரைக்கும் மீன் குழம்பு வைக்கிற விதத்தைத் தவிர யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை. மூன்று நாள் உட்கார்ந்து ஏழு பாட்டுத் தெரிவு செய்தேன். நான்காவது அல்பத்தில் முதல் பாட்டைத் தாண்டிவிட்டு இரண்டாவதைக் கேளுங்கள், அது டிரம்ஸ்காரர் பாடியது. அவருக்குப் பாட வராது. வராது என்று அவருக்கும் தெரியும், அதனால் நடிப்பில்லாமல் பாடுவார். ஆறாவது அல்பத்தில் சொல்லே இல்லாத இரண்டரை நிமிஷத் துண்டு ஒன்று இருக்கிறது. இரண்டு கிற்றார்கள் மாறி மாறிக் கேள்வி கேட்கும், ஒன்றுமே பதில் சொல்லாது. அதைச் சமைக்கும்போது போடக் கூடாது, கறி அடிப்பிடித்துவிடும்.

எட்டாவது அல்பத்தின் கடைசிப் பாட்டைப் பற்றித்தான் நீட்டி எழுதினேன். ஒரு பெண் ஸ்டேஷனில் நிற்கிறாள். ரெயில் வருகிறது. ஏறுவாளா மாட்டாளா என்று பாட்டு இழுத்துக்கொண்டே போய், ஒரு சொல்லின் நடுவில் வெட்டென்று நின்றுவிடும். ‘என்ன துணிவு பாருங்கள், அவள் ஏறினாளா என்று கடைசிவரை சொல்லவே மாட்டார்கள்’ என்று எழுதினேன்.

பல் டொக்டர் உடனே பதில் போட்டான். “அன்ரி, அது அப்பிடி முடியேல்லயே. இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு.”

நான் விடுவேனா? உனக்குப் பல்லைப் பற்றித் தெரியும், பாட்டைப் பற்றி எனக்குத் தெரியும் என்று இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். மூன்றாம் நாள் போனில் தேடிக் கேட்டேன். அவன் சொன்னது சரி. அந்தக் காலத்தில் கொழும்பில் கசெட் பதிந்து கொடுக்கிற கடைகள் இருந்தன. அல்பத்தின் பெயரை எழுதிக் கொடுத்தால் வெறும் கசெட்டில் பதிந்து தருவார்கள். நாடா முடிகிற இடத்தில் பாட்டும் முடிந்துவிடும். முப்பது வருஷமாக நான் பாண்டின் துணிவென்று மெச்சியது கடைக்காரரின் நாடா தீர்ந்துபோனதைத்தான். விடுபட்ட இரண்டு நிமிஷத்தில் அந்தப் பெண் ரெயிலில் ஏறி, யன்னலோரம் இருந்து அப்பிள் சாப்பிடுகிறாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கடைக்காரர் உயிரோடு கையில் கிடைத்திருந்தால் நெரித்தே இருப்பேன்.

இந்தக் கூத்தெல்லாம் அடங்கிய பிறகு மெல்பேர்னிலிருந்து என் மகள் குறூப்பில் கேட்டாள்: “அம்மா, எல்லாம் ஓகே. நம்பர் வன் பாட்டை ஏன் விட்டனீங்கள்? அப்பான்ர பாட்டு?”

அதற்குக் கீழே வரிசையாக ஓம் ஓம் என்று எழுதினார்கள். அந்தப் பாட்டுத் தொடங்கினால் ஆறு வீட்டுப் பிள்ளைகளும் கொரிடோருக்கு ஓடிவந்து இரண்டு வரிசையாக நின்று ஆடியது, எதிர்வீட்டு அக்கா கை தட்டித் தாளம் போட்டது, தங்கள் வாழ்க்கையிலேயே அதுபோல ஒரு பார்ட்டி பிறகு நடக்காதது எல்லாவற்றையும் எழுதினார்கள். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய் முகம் கழுவினேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மறைக்கலாம். வொல்யூமைக் கூட்டினால் போதும்.

என் கணவர் கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலை பார்த்தார். சிரித்த முகம், இஸ்திரி கலையாத ஷேர்ட், கையில் எப்போதும் பிள்ளைகளுக்கு டொபி. ஐந்தரைக்கு வீட்டுக்கு வருவார். தேத்தண்ணி குடிப்பார். சீனி கூடியிருக்கும், அல்லது குறைந்திருக்கும், அல்லது நான் யாருடனோ போனில் கதைத்திருப்பேன். மகளைக் கூப்பிட்டு, “வெளியில போய் விளையாடு ராசாத்தி,” என்பார். கதவைச் சாத்துவார். கசெட்டைப் போடுவார். அந்தப் பாட்டின் தொடக்கத்தில் டிரம்ஸ் மட்டும் எட்டு அடி அடிக்கும். அந்த எட்டு அடிக்குள் வொல்யூமை முழுக்கத் திருப்பிவிட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார். ஒன்பதாவது அடி எனக்கு.

பாட்டு நாலரை நிமிஷம். முகத்தில் அடிக்க மாட்டார், கை தவறினால் தவிர. தலைமயிரைக் கையில் சுற்றி இழுத்து இரும்பு அலுமாரியில் மோதுவார். கீழே விழுந்தால் விலாவில் காலால் மிதிப்பார். ஒருமுறை உதடு பல்லுக்குள் போய்க் கிழிந்தது. ஒருமுறை என் இடது மணிக்கட்டைப் பின்னால் முறுக்கினார். அது உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது, கிற்றார் சோலோவுக்கு மேலாகக் கேட்டது. ஆஸ்பத்திரியில் பாத்ரூமில் வழுக்கினேன் என்று நானே சொன்னேன். பாட்டு முடிந்தால் அடியும் முடியும். அடுத்தது மெல்லிய பாட்டு, அது எதையும் மறைக்காது. அதனால் பட்டனை அழுத்தி அதை ஓட்டிவிட்டு, ஆத்திரம் மிச்சமிருந்தால் அடுத்த சத்தமான பாட்டில் நிறுத்துவார். அவர் ஒழுங்கான மனிதர்.

நான் சும்மா வாங்கிக்கொண்டிருந்தவள் இல்லை. ஒருநாள் தேங்காய் துருவுகிற துருவலைப் பலகையைத் தூக்கி அவருடைய காலில் போட்டேன். பெருவிரல் நகம் கறுத்து விழுந்தது. அன்றைக்கு அந்தப் பாட்டை இரண்டு தடவை போட்டார். இன்னொரு நாள் கசெட்டின் நாடாவை முழுக்க உருவி காஸ் அடுப்பில் எரித்தேன். அடுத்த நாள் புதிதாகப் பதிந்துகொண்டு வந்தார். கடைக்காரர் விசாரித்ததாகவும் சொன்னார், உங்கள் வீட்டில் இந்தப் பாட்டென்றால் அவ்வளவு விருப்பமோ என்று.

கரண்ட் இல்லாவிட்டால் அடி இல்லை. அந்தக் கசெட் செட்டுக்குப் பற்றரி போட முடியாது. மழை பொய்த்து, நீர்த்தேக்கம் வற்றி, நாளுக்கு எட்டு மணித்தியாலம் கரண்ட் வெட்டிய ஒரு வருஷம் வந்தது. ஊரெல்லாம் அரசாங்கத்தைத் திட்டியது. நான் கொட்டாஞ்சேனைக்குப் போய் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தி, மழை பெய்யக் கூடாது தாயே என்று மன்றாடினேன். வயல்காரர்கள் என்னை மன்னிக்க வேண்டும். ஐந்தரைக்கு ஃபான் நின்று வீடு இருண்டால் எனக்கு உடம்பெல்லாம் இளகிவிடும். அவர் நாற்காலியில் இருந்து விரலால் மேசையில் தட்டிக்கொண்டிருப்பார்.

கொட்டாஞ்சேனையில்தான் நான் பிறந்த வீடு. மணிக்கட்டில் மாவுக்கட்டோடு ஒருநாள் பஸ் ஏறிப் போய், அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அழுதார். சோறு குழைத்து ஊட்டினார். பிறகு, “அடிக்கிற கைதான் பிள்ளை அணைக்கும்,” என்று சொல்லி, பின்னேர பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டார். அம்மாவை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. செத்த வீட்டில் அழுதேன், அது வேறு.

இனி அந்தப் பட்டியல் எப்படி வந்ததென்று உங்களுக்கு விளங்கும். அவர் வேலைக்குப் போன பிறகு, காலையில் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, அவர் சேர்த்து வைத்திருந்த அந்த பாண்டின் கசெட்டுகளில் அவர் ஓட்டிவிட்ட, தொடாமல் விட்ட பாட்டுகளை மட்டும் நான் கேட்பேன். அவருக்கு உபயோகப்படாத பாட்டுகள். அவற்றில் அடியில்லை, உதையில்லை, என் குரல் புதைந்திருக்கவில்லை. ஓர்கன் வாசிக்கும், ஒரு மனிதர் தொண்டையைச் செருமுவார், நான் விலாவுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு கேட்பேன். அவர் ஒருபோதும் முழுதாகக் கேட்டறியாத பாட்டுகளை ஒன்றுவிடாமல் மனப்பாடம் செய்தேன். அந்த பாண்டை நான் நேசிக்கிறேன். அவரை முந்திக்கொண்டு நேசித்தேன் என்றுகூடச் சொல்வேன்.

நான்கு வருஷத்துக்கு முந்தி மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அதற்கு முந்திய பதினைந்து வருஷமும் கை ஓங்கவில்லை, திருந்தியதால் அல்ல, முதல் மாரடைப்பு வந்து மூச்சு வாங்கத் தொடங்கியதால். செத்த வீட்டில் சனம் நிறைந்து வழிந்தது. மகள் பெட்டியைக் கட்டிப்பிடித்து, தன் அப்பாவைப் போல ஒருவர் இல்லை என்று கதறினாள். அவளுக்கு நான் ஒன்றும் சொன்னதில்லை. அவளுக்கு ஒரு நல்ல அப்பா இருந்தார், அதையும் பறித்துவிட்டால் அந்த வீட்டில் வேறென்ன மிஞ்சும் என்று நினைத்தேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். மிச்ச நாளில் அந்தப் பாட்டு என் காதில் விழக் கூடாது.

அதனால் குறூப்பில் எழுதினேன்: ‘அந்தப் பாட்டு வேண்டாம். போட்டால் நான் வர மாட்டேன்.’ அன்ரிக்கு அங்கிளின் ஞாபகம் வந்து தாங்காது என்று அவர்களாகவே முடிவெடுத்து, அழுகிற முகப் படங்களை அனுப்பினார்கள். சரி, போட மாட்டோம் என்றார்கள்.

தெஹிவளை ஹோலில் நாற்பது பேர் இருந்தோம். பிள்ளைகள், பிள்ளைகளின் பிள்ளைகள், கொரிடோரில் மிஞ்சியிருந்த பெரியவர்களாக நானும் எதிர்வீட்டு அக்காவும். அக்காவுக்கு எண்பது நெருங்குகிறது, பிளாஸ்டிக் கதிரையில் ஊன்றுதடியோடு இருந்தார். கட்லட்டும் ரோல்ஸும் வந்தன. என் பாட்டுகள் மெல்லமாகப் போய்க்கொண்டிருந்தன. ஒருவரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் வாயில் கட்லட். ஆனாலும் அந்தச் செருமல் வந்தபோது நான் ஒருத்தி சிரித்தேன். அவ்வளவு நல்ல மத்தியானம் எனக்குப் பல வருஷமாக வாய்க்கவில்லை.

பிறகு பல் டொக்டர் மைக்கை எடுத்தான். “அன்ரி கோவிக்கக் கூடாது. ஒரே ஒருக்கா. எங்கட அங்கிளுக்காக!”

டிரம்ஸ் அடிக்கத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று. நாற்பது வயது மனிதர்கள் கதிரைகளைத் தள்ளிவிட்டு ஓடி இரண்டு வரிசையில் நின்றார்கள். என் வலது கை தானாக எழுந்து முகத்தை மறைத்தது. முதுகு வளைந்து வயிறு உள்ளே இழுத்துக்கொண்டது. ஆளைப் புதைத்து நான்கு வருஷம், என் உடம்புக்கு அது தெரியவில்லை. எட்டாவது அடியில் மகள் சிரித்துக்கொண்டு ஓடிவந்து, “வாங்கோ அம்மா!” என்று என் இடது மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

அவளை அறைந்தேன். இருந்த பலமெல்லாம் சேர்த்து அறைந்தேன். அவளுடைய மூக்குக்கண்ணாடி பறந்துபோய் ரோல்ஸ் தட்டுக்கு அப்பால் விழுந்தது. அவளைக் குழந்தையிலும் நான் தொட்டு அடித்ததில்லை. பாட்டு நிற்கவில்லை. நான் ஸ்பீக்கர் ஸ்டாண்டை எட்டி உதைத்தேன். ஒரு தரம் அசைந்தது. இரண்டாம் தரம் உதைத்தேன், சரிந்து விழுந்தது. கீழே கிடந்ததையும் மிதித்தேன். வயரை யாரோ பிடுங்கினார்கள்.

“இந்தப் பாட்டுக்குள்ளதான் உங்கட அங்கிள் எனக்கு அடிச்சவர்,” என்றேன். “ஒவ்வொரு முறையும். நீங்கள் வெளியில ஆடேக்க நான் உள்ளுக்க அடி வாங்கினனான். இந்தக் கை அப்பிடித்தான் முறிஞ்சது.”

மகள் கன்னத்தைப் பொத்திக்கொண்டு, “பொய் அம்மா,” என்றாள். “அப்பா அப்பிடி இல்ல. ஏனம்மா இப்பிடிச் சொல்லுறீங்கள்?”

“அவள் பொய் சொல்லேல்ல.” எதிர்வீட்டு அக்காவின் குரல். கதிரையில் இருந்தபடியே சொன்னார். “எனக்குத் தெரியும். பிள்ளையள் எல்லாரையும் கொரிடோருக்குக் கூப்பிட்டு ஆடச் சொன்னது நான்தான். கை தட்டினதும் நான்தான். அந்தச் சத்தம் பிள்ளையளின்ர காதில விழக் கூடாதெல்லோ.”

நான் அவரிடம் பாய்ந்தேன். எண்பது வயதுப் பெண் என்று பார்க்கவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன். ஊன்றுதடி விழுந்தது. “தெரியுமோ? தெரிஞ்சுகொண்டே கை தட்டினீங்களோ? ஒரு நாள், ஒரே ஒரு நாள் வந்து கதவைத் தட்டியிருக்கலாமே அக்கா!”

“தட்டினனான்,” என்றார் அக்கா. என் கையை அவர் தள்ளிவிடவில்லை. “நீதான் வந்து திறந்தனீ. சீலைத் தலைப்பால வாயைப் பொத்திக்கொண்டு நிண்டனீ. அதில ரத்தம். என்ன பிள்ளை எண்டு கேட்டனான். நீ சிரிச்சனீ. ‘சத்தம் கூடிப்போச்சோ அக்கா, குறைக்கிறன்’ எண்டு சொல்லிப்போட்டுக் கதவைப் பூட்டினனீ. அதுக்குப் பிறகு நான் என்ன செய்ய?”

அவரை விட்டேன். அது நடந்தது. அவர் சொல்லி முடிக்கும்வரை எனக்கு நினைவில் இல்லை, முடித்ததும் முழுதாக வந்துவிட்டது. கதவைத் திறந்தேன். அக்கா கையில் ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கலோடு நின்றார், சாட்டுக்குக் கொண்டுவந்தது. எனக்குப் பின்னால் என் கணவர் வொல்யூம் பட்டனில் கை வைத்துக்கொண்டு நின்றார். ஒரு சொல் போதும். வாயைத் திறந்தேன். அப்போதுதான் அக்காவின் தோளுக்கு மேலால் கொரிடோரைப் பார்த்தேன்.

மகள் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள். ஒரு பக்கக் கன்னம் சிவந்து தடித்திருந்தது.

“ஏனம்மா சொல்லேல்ல?” என்று கேட்டாள். “கதவு திறந்துதானே இருந்தது. ஏன் சிரிச்சனீங்கள்?”

“நீ ஆடிக்கொண்டு நிண்டனீ,” என்றேன். “ரெண்டு கையையும் தூக்கி, ‘அம்மா, என்னைப் பாருங்கோ, என்னைப் பாருங்கோ’ எண்டு ஆடிக்கொண்டு நிண்டனீ.”